‘என்டாங்கிள்’ சொல்ல மறுத்த நாள்

மொழிபெயர்ப்பு வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது, எந்த அகராதி நல்லது என்பதைத்தான். எல்லாமே நல்லதுதான், வாங்கி வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். அடுத்து, இரண்டு தரப்புக்கும் நடுவில் நின்று பேசும்போது ஒரு தரப்புக்குக் கோபம் வந்தால் என்ன செய்வது என்று கேட்பார்கள். என்னிடம் உருப்படியான பதில் இருப்பது இந்தக் கேள்விக்குத்தான். கோபம் வரட்டும். கோபப்பட்டவர் கொஞ்ச நேரத்தில் தண்ணீர் குடித்துவிட்டு உட்கார்ந்துவிடுவார். பயந்துபோய் நீங்கள் மாற்றிச் சொன்ன வார்த்தை அப்படி அடங்காது, காகிதத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டு ஒருவர் பிழைப்பைக் கெடுத்துக்கொண்டே இருக்கும்.

மதுரைக் கோர்ட்டுக்குப் பக்கத்துத் தெருவில்தான் என் தொழில் தொடங்கியது. தமிழ் மனுவை ஆங்கிலமாக்குவது, ஆங்கில ஆர்டரைத் தமிழாக்குவது, விசாரணைகளில் நின்று இந்தப் பக்கத்துப் பேச்சை அந்தப் பக்கம் சொல்வது என்று போயிற்று என் காலம். கண்ணில் புரை விழுந்தபோது வேலையை விட்டேன். வாயை விடவில்லை, அதனால்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

எனக்கு வேலை பழக்கியவரின் பெயரைச் சொல்லப்போவதில்லை. அவர் கடை இன்னும் அதே தெருவில் ஓடிக்கொண்டிருக்கிறது. தங்கமான மனிதர், வேலையில் மட்டும் ராக்கெட். வாசலில் வக்கீல் குமாஸ்தா நின்று அவசரப்படுத்திக்கொண்டே இருப்பார் என்பதால், எதற்கும் ரெடிமேடாக ஒரு ஆங்கில வார்த்தை வைத்திருப்பார். சிக்கியது, மாட்டியது, பின்னிக்கொண்டது, கோத்துவிட்டது, இழுத்துவிட்டது எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரே சொல்தான்: ‘என்டாங்கிள்’. மேலூர்ப் பக்கம் ஒருவருடைய ஆடு முள்வேலியில் மாட்டிக்கொண்டாலும் என்டாங்கிள். அண்ணன் தம்பி தகராறில் வீட்டு மருமகனைப் பிடித்துக் கேசில் கோத்துவிட்டாலும் என்டாங்கிள். ஒருநாள் பொறுக்கமாட்டாமல், ஆடும் மருமகனும் ஒன்றா என்று கேட்டேன்.

“எதுல மாட்டுனா என்னம்மா, மாட்டுனது மாட்டுனதுதானே. சட்டுனு அடி, ஆளு நிக்கிது” என்றார்.

டைப் அடித்துக் கொடுத்தேன். ஆனால் அதற்குப் பிறகு அவரோடு சண்டை போடாத நாள் குறைவு. சண்டையைத்தான் அவரிடமிருந்து முழுதாகக் கற்றுக்கொண்டேன் என்று வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். என்டாங்கிள் நல்ல வார்த்தைதான், அதன்மேல் எனக்குப் பகை கிடையாது. காத்தாடி நூல் வேப்பங்கிளையில் சுற்றிக்கொண்டால் பொருந்தும். ஈரத் தலைமுடி சீப்பில் மாட்டினால் பொருந்தும். வேண்டாத வம்பிலோ விடமுடியாத உறவிலோ ஒருவர் அகப்பட்டுத் திண்டாடினாலும் பொருந்தும். ஆனால் அந்தச் சொல்லுக்குள் எப்போதும் நூல் மாதிரி, முடி மாதிரி நீளமாக, தொளதொளவென்று ஏதோ ஒன்று இருக்கும். அது தானாகப் போய் எதிலாவது சுற்றிக்கொள்ளும். யாரும் திட்டம் போட்டுச் செய்திருக்கமாட்டார்கள். பொறுமையாக உட்கார்ந்தால் பிரித்து எடுத்துவிடலாம் என்ற நம்பிக்கைகூட அதில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். அதனால் அந்தச் சொல் காதில் விழுந்ததுமே, எது தொங்கிக்கொண்டிருந்தது, யார் அதைத் தொங்கவிட்டது என்று கேட்பவருடைய புத்தி தேடத் தொடங்கிவிடும். இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு கப்பலூருக்கு வாருங்கள்.

கப்பலூர்த் தொழிற்பேட்டையில் ரப்பர் மிதியடி செய்யும் கம்பெனி ஒன்று இருந்தது. அது கைமாறி வெளிமாநிலத்துக்காரர்களிடம் போனபிறகு, உள்விசாரணை எல்லாம் ஆங்கிலத்தில் நடக்க ஆரம்பித்தது. அப்படி ஒரு விசாரணைக்குத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். விசாரிக்கப்பட இருந்தவர் பஞ்சவர்ணம், மேலூர் தாண்டி ஒரு கிராமம். அவருடைய தாய் தகப்பன் காலம் முழுக்க அடுத்தவர் வயலில் நடவு நட்டவர்கள். அந்த வீட்டிலிருந்து முதன்முதலில் மாதச் சம்பளத்துக்குப் போனவர் இவர்தான்.

ரப்பரைத் தகடாக்கும் மிஷினில் அவருக்கு வேலை. இரண்டு பெரிய இரும்பு உருளைகள் ஒன்றையொன்று பார்த்து உள்பக்கமாகச் சுற்றும். நடுவில் ரப்பரைக் கொடுத்தால் நசுக்கித் தகடாகக் கீழே தள்ளும். ஒருநாள் ரப்பரோடு அவருடைய வலது கையும் உள்ளே போய்விட்டது. கட்டைவிரலைத் தவிர மற்ற விரல்களை ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள்.

கம்பெனி அவர்மேல் வைத்த குற்றச்சாட்டு இது: விதியை மீறி முந்தானையைத் தொங்கவிட்டுக்கொண்டு வேலை பார்த்தார், முந்தானை மிஷினில் என்டாங்கிள் ஆனது, விபத்துக்கு அவருடைய கவனக்குறைவே காரணம். விசாரணையில் இது நிரூபணமானால் வேலை போய்விடும். தன் கையைத் தானே கெடுத்துக்கொண்டவள் என்று ஆயுசுக்கும் காகிதம் சொல்லிக்கொண்டிருக்கும்.

விசாரணை அதிகாரி எங்கேயோ பெரிய வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். தமிழில் ஒரு வார்த்தை தெரியாது. முகத்தில் சிரிப்பும் கிடையாது. அவர் நல்லவரா என்று கேட்டால் எனக்குத் தெரியாது, ஆனால் ஒன்றைப் பாருங்கள் என்றால் பார்க்கிறவர். எனக்குக் கூலி கொடுப்பது கம்பெனி. அதைக் கம்பெனியின் மேனேஜர் டீ கொடுத்த விதத்திலேயே எனக்கு ஞாபகப்படுத்தினார். கூடவே ஒரு தாளையும் நீட்டினார். ஆஸ்பத்திரியில் பஞ்சவர்ணம் சொன்னதாக எழுதி வாங்கியதன் ஆங்கிலம். யார் கடையில் அடித்தது என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. நடுவரியில் என்டாங்கிள் உட்கார்ந்திருந்தது.

“மேடம், எல்லாம் இதுல ரெடியா இருக்கு. அந்தம்மா பேசுறப்ப இதையே பாத்துச் சொல்லிருங்க. உங்களுக்கும் ஈஸி” என்றார்.

“அவங்க வேற மாதிரிச் சொன்னா?”

“வேற என்னத்தச் சொல்லப்போறாங்க. இதேதான் மேடம்.”

தாளை மடித்து டீ டம்ளருக்கு அடியில் வைத்துவிட்டேன்.

பஞ்சவர்ணம் வந்து உட்கார்ந்தார். கட்டுப்போட்ட கையை மடியில் வைத்து, மேலே சேலைத் தலைப்பைப் போட்டு மூடிக்கொண்டார். சுவருக்கு அந்தப் பக்கம் மிஷின் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அதிகாரி கையிலிருந்த குற்றச்சாட்டைப் பார்த்தபடி, சேலை மிஷினில் எப்படி என்டாங்கிள் ஆனது என்று கேட்டார். நான் சேலை எப்படிச் சிக்கியது என்று தமிழில் கேட்டேன்.

“சேலையா? சேலை எங்கிட்டும்மா சிக்கும்? மேல எங்க வீட்டுக்காரர் சட்டையப் போட்டு பட்டன் மாட்டிருந்தேன். முந்தானை உள்ளல்ல கெடக்கும். அங்க வேல பாக்குற அம்புட்டுப் பேரும் அப்படித்தான போடுவோம்.”

அப்படியானால் நடந்தது என்ன என்று அதிகாரி கேட்டார்.

“ரப்பரக் குடுத்துக்கிட்டு இருந்தேன். ரப்பரோட சேத்துக் கையவும் இழுத்துருச்சு. நான் இங்கிட்டு இழுக்கேன், அது அங்கிட்டு இழுக்குது. விடல.”

இதற்கு ஆங்கிலத்தில் பெரிய வார்த்தை எதுவும் தேவைப்படவில்லை. பேங்க் கதவில் இழுக்கச் சொல்லி எழுதியிருக்கிற ‘புல்’ போதும். உருளை என் கையை உள்ளே இழுத்தது, நானும் இழுத்தேன், அது விடவில்லை என்று சின்னச் சின்ன வாக்கியமாகச் சொன்னேன். அதிகாரி எழுத ஆரம்பித்தார். மேனேஜர் என் பக்கம் சாய்ந்து, குரலைத் தாழ்த்தித் தமிழில் பேசினார்.

“மேடம், என்டாங்கிள்னு சொல்லுங்க. டெக்னிக்கலா அதுதான் வேர்டு.”

“அவங்க இழுத்துச்சுன்னு சொல்றாங்க சார்.”

“ரெண்டும் ஒண்ணுதான மேடம்.”

“ஒண்ணுதான்னா இழுத்துச்சுன்னே இருந்துட்டுப் போகட்டுமே.”

அவர் முகம் சிவந்தது. “உங்கள வரச்சொன்னது யாருன்னு ஞாபகம் இருக்கட்டும்” என்றார்.

நன்றாகக் கேளுங்கள், இந்த இடம் உங்களுக்கும் ஒருநாள் வரும். நான் பஞ்சவர்ணத்தின் வக்கீல் இல்லை. அவருக்காக வாதாட எனக்கு உரிமை கிடையாது. வாதாடினால் அடுத்த நிமிடமே என்னை வெளியே அனுப்பலாம், அனுப்புவது நியாயமும்கூட. ஆனால் வாயை மூடிக்கொண்டு போனால், அடுத்த கேள்விக்கு இன்னொரு கிசுகிசுப்பு வரும், அதற்கடுத்த கேள்விக்கு இன்னொன்று வரும். சாயங்காலம் ஆவதற்குள் அந்த அம்மாளின் வாய்மொழி முழுக்க மேனேஜருடையதாக ஆகியிருக்கும். அந்த மாதம் எனக்கு வேறு வேலையும் கைவசம் இல்லை. ஒரு மொழிபெயர்ப்பாளர் செய்யக்கூடியது என்று எனக்குத் தோன்றியது ஒன்றுதான், அதைச் செய்தேன். மொழிபெயர்த்தேன்.

மேனேஜர் கிசுகிசுத்ததை ஒரு வார்த்தை விடாமல், சத்தமாக ஆங்கிலத்தில் அதிகாரிக்குச் சொன்னேன். என்டாங்கிள் என்று சொல்லச் சொன்னது, நான் சொன்ன பதில், என்னை வரவழைத்தது யார் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னது எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியில், இந்த அறையில் யார் வாயிலிருந்து எது வந்தாலும் அது இரண்டு பக்கமும் போகும், அதற்குத்தான் எனக்குக் கூலி என்பதையும் சேர்த்துக்கொண்டேன்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். மேனேஜரை ஒருதரம் பார்த்தார். பிறகு என்னிடம், விபத்து அறிக்கைகளில் எல்லோரும் எழுதுகிற சாதாரணச் சொல்தானே அது, என்ன வித்தியாசம் என்று கேட்டார். எகத்தாளமாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். ஒரு பெரிய பிரசங்கமே என் நாக்கு நுனியில் இருந்தது, விழுங்கிக்கொண்டேன். சொல்லில் சந்தேகம் வந்தால் பொருளைப் போய்ப் பார்த்துவிட்டு வருவது எங்கள் தொழிலில் வழக்கம் என்று மட்டும் சொன்னேன்.

அப்படி ஒரு வழக்கம் அதுவரை எங்கள் தொழிலில் கிடையாது. அன்றைக்கு நான்தான் ஆரம்பித்துவைத்தேன்.

ஷிப்ட் ஓடுகிறது, இப்போது உள்ளே போனால் உற்பத்தி கெடும் என்றார் மேனேஜர். அதிகாரி அதற்குள் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார்.

மிஷின் கூடத்து வாசலில் பஞ்சவர்ணம் நின்றுவிட்டார். அடிபட்ட பிறகு அவர் அந்த இடத்துக்குள் கால் வைத்ததில்லை. “நீங்க முன்னால போங்கம்மா, வாரேன்” என்றார். வர மாட்டாரோ என்று பயந்துகொண்டே போனேன். திரும்பிப் பார்த்தபோது சுவரைத் தொட்டுத் தொட்டு வந்துகொண்டிருந்தார்.

மிஷினில் அவர் இடத்தில் பேச்சியம்மாள் என்ற பெண் நின்றுகொண்டிருந்தார். விபத்து அன்றும் பக்கத்தில் இருந்தவர். சேலைக்கு மேல் கட்டம் போட்ட ஆம்பளைச் சட்டை, கழுத்துவரை பட்டன். சுற்றி வேலை செய்துகொண்டிருந்த பெண்கள் அத்தனை பேரும் அப்படித்தான் உடுத்தியிருந்தார்கள். முந்தானை என்று ஒன்று எவர் உடம்பிலும் வெளியே தெரியவில்லை. அதிகாரி ஒவ்வொருவராகப் பார்த்தார். அவர் தேடியது கிடைக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. பிறகுதான் அவர் கண் உருளைகளுக்குப் போயிற்று. பேச்சியம்மாள் போட்ட ரப்பர் கட்டி உருளைகளின் நடுவில் பட்டதுமே உள்ளே போய் மறைந்தது. அதிகாரி தன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

எட்டி நின்றபடி பஞ்சவர்ணம் இடது கையால் நடந்ததைக் காட்டினார். மிஷின் சத்தத்தில் நான் கத்தித்தான் சொல்லவேண்டியிருந்தது. கை மாட்டினால் இதை எப்படி நிறுத்துவது என்று அதிகாரி கேட்டார். பஞ்சவர்ணம் அண்ணாந்து பார்த்தார்.

“அந்தா தொங்குது பாருங்க கயிறு, அத இழுத்தா நின்னுரும். முன்னாடி தலைக்கு நேராத்தான் இருந்துச்சு. சும்மா சும்மா தல பட்டு மிஷினு நிக்கிது, வேலை கெடுதுன்னு மேல ஏத்திக் கட்டச் சொல்லிட்டாக. அன்னைக்குப் பேச்சி குதிச்சுக் குதிச்சுப் பாத்தா, எட்டல. பெறகு மெயின் சுவிட்சுக்கு ஓடுனா. அவ ஓடி அமத்துறதுக்குள்ள…”

இதை ஆங்கிலத்தில் சொல்லும்போது என் குரல் நடுங்கியது. நடுங்கட்டும் என்று விட்டுவிட்டேன். குரல் நடுங்கினாலும் வார்த்தை சரியாகத்தான் போயிற்று.

கூரைச் சட்டத்தோடு சேர்த்துக் கயிறு கட்டப்பட்டிருந்தது. மேனேஜர் ஆங்கிலத்தில், ரிப்பேர் வேலைக்காக இன்று காலையில்தான் அதை மேலே கட்டியிருக்கிறோம் என்றார். இரண்டு பக்கமும் போகும் என்று சொல்லியிருந்தேன் இல்லையா, பெண்களைப் பார்த்துத் திரும்பி, என்னால் முடிந்த மட்டும் கத்தினேன்.

“கயிற ரிப்பேருக்காக இன்னைக்குக் காலையிலதான் மேல கட்டியிருக்காங்களாம்.”

பேச்சியம்மாள் மிஷினிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “காலையிலயா? கயித்துல ஒட்டடை கட்டிக் கெடக்கு. அதையும் அந்த சாருக்குச் சொல்லிருங்கக்கா” என்றார்.

சொன்னேன். ஒட்டடைக்கு ஆங்கிலம் எனக்குச் சட்டென்று வந்தது, அந்த நேரத்துச் சந்தோஷத்தில் எது வேண்டுமானாலும் வந்திருக்கும். அதிகாரி தலையைத் தூக்கி நெடுநேரம் பார்த்தார். யாரோ ஒரு பெண் சிரித்தார், சத்தத்தில் யாரென்று தெரியவில்லை.

அறைக்குத் திரும்பியதும் அதிகாரி வாக்குமூலத்தை டைப் அடிக்கச் சொன்னார். உருளைகள் கையை உள்ளே இழுத்தன, நிறுத்தும் கயிறு எட்டாத உயரத்தில் கட்டப்பட்டிருந்தது, அதை விசாரணை அதிகாரியும் நேரில் பார்த்தார், அங்கே வேலை செய்யும் எவரிடமும் தொங்கும் துணி இல்லை. அடைப்புக்குறிக்குள்ளாவது என்டாங்கிள் என்று ஒரு வார்த்தை போட்டுக்கொள்ளலாம், அறிக்கைகளில் வழக்கம் என்று மேனேஜர் கெஞ்சிப் பார்த்தார். சாட்சி அப்படிச் சொல்லவில்லை என்று அதிகாரி முடித்துவிட்டார். முழுவதையும் பஞ்சவர்ணத்துக்குத் தமிழில் வாசித்துக் காட்டினேன். நீங்களும் வாசித்துக் காட்டுங்கள். யாரும் கேட்க மாட்டார்கள், நேரமில்லை என்பார்கள், அப்போதும் வாசியுங்கள்.

பிறகு வந்த முடிவையும் சொல்லிவிடுகிறேன். குற்றச்சாட்டு நிரூபணமாகவில்லை என்று ஆயிற்று. பஞ்சவர்ணத்துக்கு அங்கேயே பேக்கிங்கில் வேலை கொடுத்தார்கள். கயிறு கீழே இறங்கியது. அந்தக் கம்பெனி என்னை மறுபடி கூப்பிடவில்லை. கப்பலூரில் வேறு இரண்டொரு கம்பெனிகளும் கூப்பிடுவதை நிறுத்திக்கொண்டன, அந்தம்மா ரொம்பப் பேசும் என்று சொன்னார்களாம். பேசுவதற்குத்தானே கூப்பிட்டார்கள்? கொஞ்ச நாள் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன், மறுக்கவில்லை. மறுபடி அதே அறை, அதே மேனேஜர் என்றால் மறுபடியும் அப்படியேதான் செய்வேன். உங்களையும் செய்யச் சொல்வேன். பிழைக்கத் தெரியாதவள் என்று நீங்கள் நினைத்துக்கொண்டாலும் எனக்கு ஒன்றுமில்லை, இத்தனை வருஷம் இப்படித்தான் பிழைத்திருக்கிறேன்.

ஆனால் நான் உங்களிடம் சொல்ல வந்தது அந்த முடிவைப் பற்றி இல்லை, வாசித்து முடித்த உடனே நடந்ததைப் பற்றி.

வாக்குமூலத்தின் அடியில் பஞ்சவர்ணம் கையெழுத்துப் போடவேண்டும். மேனேஜர் மைப்பெட்டியைத் திறந்து அவர் முன்னால் தள்ளினார். “எழுதுறது சிரமம். கட்டைவிரல்தான் இருக்குல்ல, ரேகை வச்சிருங்க” என்றார்.

பஞ்சவர்ணம் மைப்பெட்டியை முழங்கையால் ஓரமாகத் தள்ளினார்.

“பேனா குடுங்க” என்றார்.

இடது கையில் பேனாவைப் பிடித்தார். அந்தக் கையால் அவர் அதுவரை எழுதியதில்லை என்பது பிடித்த பிடியிலேயே தெரிந்தது. நான் தாள் நகராமல் இரண்டு விரலால் அழுத்திக்கொண்டேன். முதல் எழுத்தே கோட்டைத் தாண்டிக் கீழே இறங்கியது. அடித்துவிட்டு மறுபடி எழுதினார். நெற்றியில் வியர்வை பூத்தது. துடைக்க இன்னொரு கை இல்லாததால் அப்படியே விட்டுவிட்டார். அதிகாரி கடிகாரத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெளியே ஷிப்ட் முடிந்து, மேலூர்ப் பக்கம் போகும் கம்பெனி வேன் ஹாரன் அடித்தது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அடித்தது.

“வேன் கெளம்பிரும்மா. சட்டுனு ரேகைய வச்சுட்டுக் கெளம்புங்க” என்றார் மேனேஜர்.

பஞ்சவர்ணம் தலையைத் தூக்கவில்லை.

“நிக்கச் சொல்லுங்க சார்” என்றார். “எம்பேரு இன்னும் முடியல.”